நல்லா தமிழ் பேசறீங்களே!

ஏதாவது ஒரு புத்தகக் கடைக்குப் போய் ‘ஆயிர மசலா இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். கடைப் பையன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. சமையல் குறிப்பு அலமாரியைக் கை காட்டினான். அங்கே முப்பது வகை சாம்பார், ஐம்பது வகைத் துவையல் எல்லாம் இருந்தன. ஆயிரம் மசாலா மட்டும் இன்னும் யாரும் அரைக்கவில்லை போல.

பையன் மேல் தப்பில்லை. சில வருஷம் முன்பு வரை எனக்கே தெரியாது. இது மசாலா இல்லை, மசலா. ‘மஸ்அலா’ என்ற அரபுச் சொல் தமிழில் இப்படிச் சுருங்கியிருக்கிறது. கேள்வி, விடை காண வேண்டிய விஷயம் என்று பொருள். ஆயிரம் கேள்விகள். 1572-ல் வண்ணப்பரிமளப் புலவர் செய்யுளில் எழுதியது. ‘அதிசய புராணம்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. முழுசாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் இதுதான் எல்லாவற்றுக்கும் அண்ணன். மதுரையில் அரங்கேறியது என்பார்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தத் தமிழ் வாத்தியாரும் இல்லை. ரோனித் ரிச்சி என்ற பேராசிரியை. ஆஸ்திரேலியாவிலும் ஜெருசலேமிலும் பாடம் நடத்தியவர். 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட இவருடைய ‘இஸ்லாம் டிரான்ஸ்லேட்டட்’ என்ற புத்தகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப் போகிறேன். ஆராய்ச்சிப் புத்தகம்தானே என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இதில் நம் வண்டவாளம் கொஞ்சம் இருக்கிறது. முக்கியமாக, என்னுடையது.

2003 வாக்கில், வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குப் பக்கத்து மேஜையில் கீழக்கரைக்காரர் ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஒற்றெழுத்து விட்டுப்போனால் சட்டையைப் பிடிக்கிற ரகம். நான் எழுதும் பக்கங்களில் ‘க்’கும் ‘ச்’சும் போட்டே அவருடைய சிவப்புப் பேனா தீர்ந்தது. ஒருநாள் டீக்கடையில் ரொம்பப் பெருந்தன்மையாக நான் கேட்டேன்: ‘பாய், இவ்ளோ நல்லா தமிழ் பேசறீங்களே, வீட்ல உருதுவா?’

மனிதர் கோபப்படவில்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “தம்பி, எங்க வீட்ல தொழுகைன்னுதான் சொல்லுவோம். நமாஸ்னு சொன்னா, அது யாருப்பான்னு எங்க உம்மா கேக்கும்.”

அவரை ஆபீஸில் எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவோம். தமிழே பேசும் ஒருவருக்கு வடக்கத்திச் சொல்லில் பெயர் வைத்துவிட்டு, அப்புறம் வீட்டில் என்ன மொழி என்று விசாரணை! இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. (உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் தெரியும். அது வேறு கதை.) வட இந்தியாவில் பாரசீகத்திலிருந்து வந்த நமாஸ், ரோஜா. இங்கே தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள். எல்லாம் சுத்தத் தமிழ். கீழக்கரை வீட்டில் குழம்புக்குப் பெயர் ஆணம்.

சரி, ஆயிர மசலாவுக்கு வருவோம். கதை எளிமையானது. மதீனாவில் அப்துல்லாஹ் இப்னு சலாம் என்ற யூத அறிஞர். நபிகளைச் சோதித்துப் பார்க்கக் கேள்வி மேல் கேள்வி போடுகிறார். உலகம் எப்படி உண்டாயிற்று, சொர்க்கம் எப்படி இருக்கும், நரகத்தில் என்ன தண்டனை, கடைசி நாளில் என்ன நடக்கும் என்று நீளுகிறது. எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. திருப்தியான யூதர் இஸ்லாத்தை ஏற்றுக் கொள்கிறார்.

அரபியில் பிறந்த இந்தக் கேள்வி-பதில் போகாத ஊரில்லை. தமிழுக்கு வருவதற்கு நானூறு வருஷத்துக்கும் மேல் முன்பே, 1143-ஐ ஒட்டி, லத்தீனுக்குப் போய்விட்டது. குளூனி மடத்துத் தலைவர் பீட்டர் ஏற்பாடு செய்தார். ஹெர்மன் என்பவர் ஸ்பெயினில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். எதற்காக? இஸ்லாம் என்ன சொல்கிறது என்று தெரிந்து கொண்டு அதை மறுப்பதற்காக! 1543-ல் பாசெல் நகரத்தில் லத்தீன் குர்ஆனோடு சேர்த்து அச்சாகவும் வந்தது. ஒரே புத்தகம். ஒரு பக்கத்தில் நம்பிக்கைக்குப் பாடம், இன்னொரு பக்கத்தில் எதிரியின் வாக்குமூலம்.

ரிச்சி எடுத்துக் கொள்வது கிழக்கே போன பாதையை. ஜாவா மொழி, மலாய், தமிழ். மூன்றையும் மூலத்திலேயே படித்திருக்கிறார். இதற்கே எழுந்து நின்று ஒரு கும்பிடு போடலாம். ஜாவாவில் இந்தக் கதை போகப்போக ஒரு குருவுக்கும் சீடனுக்கும் நடக்கும் ரகசியப் பேச்சாக மாறுகிறது. யூதர் என்ற அடையாளமே மங்கிப் போகிறது. தமிழிலோ புலவர் கடவுள் வாழ்த்தில் ஆரம்பித்து, நம் காப்பிய இலக்கணப்படி பாடிக்கொண்டு போகிறார். புராணம் என்று பெயரும் சூட்டுகிறார். மொழிபெயர்ப்பது என்பதற்கு ஜாவாவில் ஒரு சொல் இருக்கிறதாம். ‘ஜாவாவாக்குவது’ என்று அர்த்தம். வண்ணப்பரிமளப் புலவர் செய்ததும் அதுதான். அரபுக் கதையைத் தமிழாக்கினார். ‘ஆக்கினார்’ என்பதை அழுத்திப் படிக்கவும்.

இங்கேதான் ரிச்சியின் புத்தகம் எனக்கு முக்கியமாகிறது. மத நல்லிணக்கம் என்றதும் நம் கண் முன்னால் வருவது ஒரு மேடை. காவி ஒருவர், வெள்ளை அங்கி ஒருவர், தொப்பி ஒருவர். ஆளுக்கொரு சால்வை. எல்லா மதமும் அன்பையே போதிக்கிறது என்று ஆளுக்குப் பத்து நிமிஷம். குரூப் போட்டோ. கேசரி, பஜ்ஜி. யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்பதில்லை! ஆயிர மசலாவில் கேசரி கிடையாது. அது கேள்விக் கணை. நீ சொல்வது சரியென்று எப்படி நம்புவது என்று ஒருவர் மடக்குகிறார். இன்னொருவர் சளைக்காமல் சொல்கிறார். கடைசியில் ஒரு தரப்பு ஜெயித்தும் விடுகிறது. நம் சர்வமத மேடைக்காரர்கள் இதை உரையாடல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மதமாற்றப் பிரச்சாரம் என்று ஒதுக்குவார்கள். உள்ளடக்கத்தில் இஸ்லாத்தை இம்மியும் விட்டுக் கொடுக்காத புத்தகம், வடிவத்தில் தமிழை இம்மியும் விட்டுக் கொடுக்கவில்லை. இதைக் ‘கலப்பு’ என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது? எதுவுமே கரையவில்லையே?

கலப்பு என்ற இந்தச் சொல்லோடு ஆய்வாளர்கள் கொஞ்ச காலமாகவே மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். வங்காளத்திலும் இதே பிரச்னை. அங்கே முஸ்லிம் புலவர்கள் பழைய வங்காளிப் பாடல்களில் அவதாரம், நாராயணன் போன்ற சொற்களைத் தாராளமாகப் புழங்கினார்கள். பார்த்தவர்கள், அரைகுறை இஸ்லாம், இந்து மதத்தோடு கலந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினார்கள். டோனி ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2001-ல் எழுதிய கட்டுரை இந்தத் தீர்ப்பைப் போட்டு உடைக்கிறது. அவர்கள் கலக்கவில்லை, தங்கள் மொழியில் இருந்த சொற்களைக் கொண்டு தாங்கள் நம்பியதைச் சொல்லத் தேடினார்கள் என்கிறார். கடன் வாங்கினார்கள், மேல்பூச்சு பூசினார்கள், கரைந்தார்கள் என்று நாம் சொல்லும் உவமைகள் ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு என்று பிரித்து வைக்கிறார்.

‘கடன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குள் தூங்கிக் கொண்டிருந்த பி.காம். விழித்துக் கொண்டது. முதல் வருஷப் பாடம்: கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். கூட்டு வியாபாரத்தில் பங்குதாரர் போட்ட முதலைக் கடன் என்று எழுதினால் பரீட்சையில் முட்டை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் தொண்ணூறு சதவீதம் இந்த முட்டையை வாங்க வேண்டியவை.

கீழக்கரை ஜும்மா பள்ளியைப் பாருங்கள். சீதக்காதி காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. முழுக்கக் கருங்கல். வரிசை வரிசையாகத் தூண்கள், மேலே போதிகை, அதன் மேல் உத்தரம். தூணில் பூவும் கொடியும் கட்டமும் உண்டு, உருவம் கிடையாது. நண்பர்தான் கூட்டிக் கொண்டு போனார். உள்ளே நின்றதும் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: ‘அப்படியே கோயில் மாதிரி இருக்கே!’

“கோயில்தான் இது மாதிரி இருக்குன்னு சொல்லிப் பாருங்களேன் தம்பி” என்றார்.

சொல்லிப் பார்த்தேன். அபத்தமாக இருந்தது. ஏன் அபத்தமாக இருக்க வேண்டும்? கோயில் மண்டபம் மூத்தது, உண்மைதான். ஆனால் தூண் செய்கிற வித்தை கோயிலுடைய சொத்தா, ஊருடைய சொத்தா? கல்தச்சருக்குத் தெரிந்த தூண் அது. கட்டச் சொன்ன மரைக்காயருக்கும் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய தூண் அது. அவர் வேறு எந்தத் தூணைக் கேட்டிருப்பார்? ‘இந்துக் கோயில் பாணியில் அமைந்த மசூதி’ என்று எழுதும்போது, தமிழ்க் கல்வேலை முழுவதையும் நாம் ஒரே மதத்தின் பெயருக்குப் பட்டா போட்டு விடுகிறோம். பிறகு அதே பட்டாவைக் காட்டி, பாருங்கள், எவ்வளவு பெருந்தன்மையாகக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று மெச்சிக் கொள்கிறோம்.

மேடைகளில் தவறாமல் வரும் இன்னொரு உதாரணம் நாகூர் தர்கா. அங்கே இருக்கும் 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். நல்ல விஷயம், நிறையச் சொல்லலாம். ஆனால் அது கொடை. கீழக்கரைத் தூணை யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை.

உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இப்படித்தான். பாடப்புத்தகத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் படித்திருப்பீர்கள். ஐயாயிரத்துச் சொச்சம் பாடல்கள் கொண்ட காவியத்தில் நமக்குக் காட்டப்பட்டது அந்த ஒரு மான்தான். அரேபியாவில் மழை பெய்து, ஆறு பெருகி, வயல் விளைகிறது என்று உமறு பாடுவதைப் பார்த்து, பாலைவனத்தில் ஏது ஐயா வயல் என்று சிரிப்பவர்கள் உண்டு. கம்பன் பார்த்தேயிராத கோசல நாட்டில் காவிரிக் கரை வயலை நட்டபோது யாரும் சிரிக்கவில்லை. தேவதூதர்களுக்கு வானவர், குர்ஆனுக்கு மறை, வேதம். உமறு கையில் இருந்த சொற்கள் இவை. வேறு சொற்களுக்கு அவர் எங்கே போவார்? இந்தச் சொற்களைப் பற்றி வசுதா நாராயணன் எழுதிய நல்ல கட்டுரை 2000-ல் வந்த ‘பியாண்ட் டர்க் அண்ட் ஹிந்து’ என்ற தொகுப்பில் இருக்கிறது. சீறாப்புராணம் அச்சானது 1842-ல். உ.வே.சா. சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-ல். தமிழ்ப் பதிப்பு வரலாறு பேசும் கூட்டங்களில் இந்த 1842 எத்தனை தடவை காதில் விழுந்திருக்கிறது? எனக்கு ஒரு தடவைகூட இல்லை.

எல்லாம் சௌக்கியமாகவே இருந்தது என்று நான் கதை விடக் கூடாது. உமறைப் பற்றிக் கீழக்கரையில் வழங்கும் கதை ஒன்று: நபிகளின் வரலாற்றுக்கு ஆதாரம் கேட்டு அவர் பெரிய ஆலிமான சதக்கத்துல்லா அப்பாவிடம் போகிறார். அப்பா ஏற இறங்கப் பார்க்கிறார். எட்டயபுரம் அரண்மனைப் புலவரின் உடையும் அலங்காரமும் பிடிக்கவில்லை. போய் வா என்று சொல்லி விடுகிறார். பிறகு கனவு வந்து மனம் மாறினார் என்று கதை சுபமாக முடிகிறது. நடந்ததோ, பின்னால் கட்டியதோ, இப்படி ஒரு கதையைச் சொல்லி வைத்திருக்கிறார்களே, அது முக்கியம். பாட்டு தமிழாக இருக்கலாம், ஆள் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்ற சச்சரவு அன்றே இருந்திருக்கிறது.

இன்றும் இருக்கிறது. தர்காவும் புராணமும் இஸ்லாமே இல்லை, எல்லாம் இந்துச் சரக்கு என்று சமுதாயத்துக்குள்ளேயே ஒரு தரப்பு சொல்கிறது. தர்காவைப் பற்றி அவர்களுக்கு மார்க்கக் காரணங்கள் உண்டு. அதற்குள் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் ‘புராணம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் இந்து என்று முடிவு கட்டும் இடத்தில், சர்வமத மேடைக்காரரும் இவரும் கையெழுத்துப் போடுவது ஒரே பத்திரத்தில். அவர் கலந்தது என்று பாராட்டுகிறார், இவர் கலந்தது என்று கண்டிக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிச்சியின் மேல் எனக்குப் புகார் இல்லையா? உண்டு. ‘அரபு காஸ்மோபோலிஸ்’ என்று ஒரு பெரிய பந்தல் போடுகிறார். ஷெல்டன் பொல்லாக் சமஸ்கிருதத்துக்குப் போட்ட பந்தலைப் பார்த்துப் போட்டது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் முஸ்லிம்களை அரபு மொழி ஒரே வலையில் கோத்தது என்கிறார். சரிதான். ஆனால் பந்தலுக்கு அரபுப் பெயர் வைத்ததும், தமிழும் ஜாவாவும் விருந்தாளிகள் ஆகிவிடுகின்றன. வலையில் தமிழும் ஒரு முடிச்சு இல்லையா? மலாய் நவீன இலக்கியத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் முன்ஷி அப்துல்லாவின் கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்து நாகூரில் கல்யாணம் செய்து கொண்டவர். மலாக்காவில் சிறுவன் அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார் அப்பா. காரணத்தை அப்துல்லாவே தன் சுயசரிதையில் சொல்கிறார்: கணக்கு வழக்குக்கு உதவும், ஊரெல்லாம் நம் பக்கத்து வியாபாரிகள். கணக்கு எழுத மலாக்காவில் தமிழ்! ஒரு பி.காம்.காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு குறை, தமிழ் வாசகனுக்கே உரிய வயிற்றெரிச்சல். ஜாவாவில் விதவிதமான பிரதிகள் இருப்பதால் அங்கே ரிச்சி நிதானமாகச் சுற்றிக் காட்டுகிறார். தமிழுக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் உட்காரமாட்டாரா என்று இருக்கிறது. இந்தப் பாட்டை யார் படித்தார்கள், யார் பாடக் கேட்டார்கள், நரகத் தண்டனை வரும் இடத்தில் கேட்டவர்கள் என்ன ஆனார்கள்? பிரதிகளோடு பேசுகிறவர் மனிதர்களோடு கொஞ்சம் குறைவாகப் பேசுகிறார். நடையும் ஆராய்ச்சி நடை. சில வாக்கியங்களுக்கு நடுவில் இளைப்பாற நிழற்குடை தேவைப்படுகிறது. ஆனாலும் ‘கலப்பு’ என்ற சோம்பேறிச் சொல்லிடம் போகாமல், ‘ஆக்குதல்’ என்ற வேலையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். அந்த ஒன்றுக்காகவே இதைப் படிக்கலாம்.

நீதிபதி மு.மு. இஸ்மாயிலை நினைத்துக் கொண்டேன். நாகூரில் பிறந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை முன்னின்று நடத்தியவர். ‘ஒரு முஸ்லிம் கம்பனை இப்படிப் பேசறாரே!’ என்று சபையில் ஆச்சரியப்படாதவர்கள் கம்மி. அந்த ஆச்சரியமும், டீக்கடையில் நான் கேட்ட கேள்வியும் ஒரே பானைச் சோறு. அவர் கம்பனைப் பேசியது விருந்தாளியாக இல்லையே.

ஆயிர மசலா கடைசியில் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். 1984-ல் சென்னையில் அச்சான பதிப்பு, நண்பரின் வாப்பாவுடைய பெட்டியில் இருந்தது. எண்பதைத் தாண்டியவர். பக்கங்கள் அப்பளம் மாதிரி. நரகம் வரும் இடங்களில் மட்டும் ஓரத்தில் பென்சில் கோடு. ஒரு மாதத்தில் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். ஐந்து மாதமாகி விட்டது. ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது எனக்கு. இந்த லட்சணத்தில், தமிழ் நன்றாகப் பேசுகிறார் என்று அடுத்தவருக்கு சர்டிபிகேட் கொடுத்தவன் நான்!

நேற்று போன் வந்தது. நண்பரை இப்போது ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் தம்பிமார்கள் கூப்பிடுவது அப்படித்தான். “வாப்பா கேக்குறாங்க தம்பி. படிச்சாச்சா?”

‘பாதி ஆச்சு காக்கா’ என்று பொய் சொன்னேன்.

“மெதுவாப் படிங்க. குடுக்கறப்ப பைண்டிங் பண்ணிக் குடுங்க.”